கையெழுத்துக்கு முந்திய வாரம்

அந்த வெள்ளிக்கிழமை பள்ளி ஆட்டத்தில் நிருஜனின் தலை எதிரணிக்காரன் ஒருவனின் முழங்காலில் மோதியது. விழுந்த வேகத்திலேயே எழுந்தான். ஆனால் எழுந்தவன் எதிரணியின் பக்கமாக நடக்கத் தொடங்கினான். ஒருவன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட, பார்த்தவர்கள் சிரித்தார்கள். தகப்பன் சிவகரனும் சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது.

சிவகரன் மயக்க மருந்து டாக்டர். அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் நகரத்துக்கு வந்து பல வருடமாகியும், மகன் ஆடத் தொடங்கிய பிறகுதான் அமெரிக்கன் ஃபுட்பால் அவருக்குப் புரிந்தது. பந்தோடு ஓடி வருபவனை இடித்து விழுத்துவதுதான் நிருஜனின் வேலை. அவன் இடிக்கும் விதத்தைப் பார்த்து ஒரு பெரிய பல்கலைக்கழகம் படிப்புச் செலவை ஏற்றுத் தன் அணிக்கு அவனைக் கேட்டிருந்தது. டிசம்பர் முதல் புதன்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து.

வீடு திரும்பியதும் கராஜில் வைத்தே மகனின் கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"தலை இடிக்குதே?"

"லிட்டில் பிட். ட்ரெய்னர்கிட்ட சொல்லாதீங்க அப்பா, ப்ளீஸ். சைனிங் முடியட்டும்."

அடிபட்டவன் ஆடலாமா கூடாதா என்று பள்ளி அணியில் முடிவு செய்பவர் ட்ரெய்னர்தான். கண்மணிகள் இரண்டும் ஒரே அளவாக இருந்தன. அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் நிருஜன் ஜன்னல் திரைகளை மூடிக்கொண்டு படுத்திருந்தான். தாய் றெஜினா அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பிள்ளை ஏனப்பா இருட்டுக்குள்ள கிடக்கிறான்? நீங்கள் பாத்தனீங்களோ?"

"பாத்தனான். களைப்புத்தான்."

டாக்டர் சொன்னதால் அவள் மேலே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஹாலன் வீட்டுக்கு வந்தார். றெஜினா பொரித்த மட்டன் ரோல்ஸை ருசித்துச் சாப்பிட்டார். தனக்கு எந்த எண் சட்டை கிடைக்கும் என்று நிருஜன் கேட்டான். நாற்பத்தி நான்கு என்றார் ஹாலன். தேநீர் வந்தது. நிருஜன் நிமிர்ந்து, அதே சிரிப்போடு, தனக்கு எந்த எண் கிடைக்கும் என்று கேட்டான்.

றெஜினாவின் கை கோப்பையோடு அந்தரத்தில் நின்றது. ஹாலனின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "நாற்பத்தி நான்கு" என்றார், முதல் தடவை சொல்வதைப் போலவே.

வழியனுப்பப் போன சிவகரனிடம், காருக்குப் பக்கத்தில் நின்று ஹாலன் தாழ்ந்த குரலில் கேட்டார்: "டாக்டர், நீங்கள் அவனைப் பார்த்தீர்கள்தானே?"

"பார்த்தேன்."

"வீட்டிலேயே டாக்டர் இருப்பது நல்லது. வெளியே யாரிடமும் போக வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு எங்கள் தலைமைப் பயிற்சியாளரும் வருகிறார்."

கை கொடுத்தார். சிவகரனும் கொடுத்தார்.

அந்த வாரம் முழுக்க றெஜினா அவரை விடவில்லை.

"ஒரே கேள்வியை ரெண்டு தரம் கேட்டவன். நீங்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

"கையெழுத்து முடியட்டும். அடுத்த நாளே ஸ்கான் எடுப்பம். கொஞ்சம் பொறும்."

"அதுக்குள்ள இன்னொரு அடி விழுந்தால்?"

அவர் பல் துலக்கும்போதும், ஆபரேஷன் தியேட்டரில் நிற்கும்போதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் வெளிச்சம் போட்டிருந்தார்கள். வேலிக்கு அப்பால் நிருஜன் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். இடது கையில் கயிறு நிற்கவில்லை. நழுவியது. மறுபடி பிடித்தான், மறுபடி நழுவியது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தான்.

சிவகரன் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். ட்ரெய்னரைத் தேடிப் பிடித்தார்.

"போன வாரம் இவனுக்குத் தலையில் அடி. இவன் ஆடக் கூடாது. நான் டாக்டர்."

"ஹீஸ் லையிங்! பொய் சொல்றார்!" என்று நிருஜன் கத்தினான். ட்ரெய்னர் அவனுடைய ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். தகப்பனை அவன் பார்த்த பார்வையை சிவகரனால் தாங்க முடியவில்லை. தலையைத் திருப்பியபோது பார்வையாளர் வரிசையில் ஹாலன் எழுந்து போவது தெரிந்தது.

இடைவேளைக்கு முன்பே, பெஞ்சில் இருந்த நிருஜன் முன்னால் கவிழ்ந்து வாந்தி எடுத்தான். அப்படியே தரையில் சரிந்தான்.

மண்டை ஓட்டுக்குள் ஒரு வாரமாக இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அறுவைக்குக் கொண்டுபோகும் அவசரத்தில் சர்ஜன் கேட்டார், எப்போதிலிருந்து அறிகுறி இருந்தது என்று.

"போன வெள்ளிக்கிழமையிலிருந்து" என்றார் சிவகரன். "அன்றைக்கே எனக்குத் தெரியும்."

பக்கத்தில் நின்ற றெஜினா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு நடைபாதையின் மறு பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

நிருஜன் பிழைத்தான். கையெழுத்து நாளன்று கண் விழித்து, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டான். புதன் என்றதும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஹாலனிடமிருந்து அழைப்பு வரவில்லை. வசந்தம் வந்தபோது நிருஜன் தடி ஊன்றி நடந்தான். இடது கைவிரல்கள் மட்டும் சரியாக மடங்கவில்லை.

இப்போதெல்லாம் அவனுக்குச் சின்னத் தலையிடி வந்தாலும் றெஜினா வெளி டாக்டருக்குத்தான் போன் பண்ணுகிறாள். சிவகரன் அதே அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.