லிப்ட்காரரும் சான்றிதழ் அம்மாவும்

முப்பத்தெட்டு வருடம் லிப்ட் பழுது பார்த்த மனிதருக்குக் கடைசியில் கைதான் மேலே ஏறவில்லை. இடது தோள்பட்டை இறுகிப்போய், சட்டை மாட்டவே கால் மணி நேரம் பிடித்தது.

மனைவி போய் நான்கு வருடம். மகன் கடல் கடந்து இருந்தான். மகள் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி. சனிக்கிழமைதோறும் வந்து, ஒரு வாரச் சாப்பாட்டை டப்பாக்களில் அடைத்து, கிழமை எழுதி ஒட்டி, பிரிட்ஜில் அடுக்கிவிட்டுப் போவாள். "மாத்திரை போட்டீங்களா?" என்பாள். "போட்டேன்" என்பார். அதோடு பேச்சு தீர்ந்துவிடும். மற்ற நாட்களில் அவருக்குத் துணை டிவிதான். செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் இவரும் பதிலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று வெறும் வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்.

தோளுக்காக வாரம் இருமுறை பிசியோதெரபிக்குப் போனார். அங்கே கூரையில் ஒரு கப்பி. கயிற்றின் ஒரு முனையை நல்ல கை இழுக்க, வலிக்கிற கை மறுமுனையோடு ஏற வேண்டும். பக்கத்துக் கப்பியில் ஒரு அம்மா இழுத்துக்கொண்டிருந்தார். அது கீச்சுக் கீச்சென்றது.

"எண்ணெய் போட்டு எத்தனை வருஷமாச்சோ, இப்படி அழுவுது" என்றார் இவர், பொறுக்க முடியாமல்.

"அழட்டும் விடுங்க. அழுகை கேட்டுக் கேட்டு எனக்குப் பழக்கம்தான்."

நகராட்சியில் பிறப்பு, இறப்புச் சான்றிதழ் தரும் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கல்யாணம் கூடி வரவில்லை. பிறகு அவரும் தேடவில்லை. "பிறப்புக்கு வர்றவங்க சந்தோஷத்துல பேரைத் தப்பா எழுதுவாங்க. இறப்புக்கு வர்றவங்க பேனாவை மறந்துட்டுப் போவாங்க. வீட்ல ஒரு டப்பா நிறைய பேனா வச்சிருக்கேன்."

லிப்ட்காரர் வாய்விட்டுச் சிரித்தார். தன் சிரிப்புச் சத்தமே அவருக்கு யாரோ சிரிப்பதுபோல் கேட்டது.

அடுத்த முறை சின்ன எண்ணெய்க் குப்பியோடு போனார். அதற்கடுத்த வாரம் இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். இரண்டு மாதத்தில், வெள்ளிக்கிழமை மாலை டீ லிப்ட்காரர் வீட்டில் என்று வழக்கமாகிவிட்டது. ஒருநாள் டம்ளரைக் கழுவிக்கொண்டே, முகம் பார்க்காமல் இவர் கேட்டார்: "நாம ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தா என்ன?"

"பதிவு பண்ணிட்டுத்தான் வருவேன். நான் கவுண்டர்காரி" என்றார் அந்த அம்மா.

லிப்ட்காரர் மகனுக்குப் போன் செய்தார். "உங்க இஷ்டம்ப்பா, எனக்கொண்ணும் இல்ல" என்றான். அவன் கோபித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். மகளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. அவளோ ஒரு வெள்ளிக்கிழமை சொல்லாமல் வந்து நின்றாள். இறந்துபோன அவள் அம்மாவின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். டப்பாக்களை மேசைமேல் வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் பிசியோதெரபியில் பக்கத்துக் கப்பியில் ஆளில்லை. அதற்கடுத்த வாரமும். லிப்ட்காரர் விசாரித்துக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனார். லிப்ட் இல்லாத நான்காம் மாடி. மூச்சு வாங்க ஏறினார்.

"உங்க பொண்ணு வந்திருந்தா" என்றார் அந்த அம்மா, தண்ணீர் கொடுத்தபடி.

"திட்டினாளா?"

"திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அழுதுட்டுப் போயிட்டா. என்ன விஷயம்னு அவகிட்டயே கேளுங்க. எனக்கு அந்த அழுகை வேற மாதிரி தெரிஞ்சுது."

அங்கிருந்து நேராக மகள் வீட்டுக்குப் போனார். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அம்மா இடத்துக்கு யாரும் வர முடியாதும்மா. நான் என்ன—"

"அது இல்லப்பா." அவள் துணியைக் கீழே வைத்தாள். "அம்மா பதினோரு மாசம் படுக்கையில கிடந்தாங்க. நீங்க ரிட்டயர் ஆகியும் கம்பெனி கூப்பிடுதுன்னு தினமும் கிளம்பிப் போனீங்க. நான்தான் குளிப்பாட்டினேன். 'அப்பா வந்துட்டாரா'ன்னு கேப்பாங்க. இப்ப யாரோ ஒருத்தங்களுக்குக் கை வலின்னா பஸ் ஏறிக் கூடவே போறீங்களாம், அவங்களே சொன்னாங்க. உங்களுக்கு இதெல்லாம் செய்யத் தெரியும்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது."

கம்பெனி கூப்பிடவில்லை. இவர்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மனைவி கிடந்த அறையின் மருந்து வாசனைக்குப் பயந்து, லிப்டின் அறுந்த கம்பிவடத்துக்கும் இருட்டுக் குழிக்கும் பயப்படாத மனிதர் ஓடி ஒளிந்தார்.

"பயந்துட்டேன்மா" என்றார்.

"அம்மாவும்தான் பயந்தாங்க."

அந்தச் சனிக்கிழமை மகள் வரவில்லை. பிறகு எந்தச் சனிக்கிழமையும் வரவில்லை.

சான்றிதழ் அம்மாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னார். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு முடியாமப் போனாலும் ஓடிடுவீங்களா?" என்று கேட்டார்.

"தெரியல."

"ஓட மாட்டேன்னு சொல்லாம விட்டீங்களே, அதுவே போதும். பதிவெல்லாம் இப்ப வேணாம். நீங்க அங்க, நான் இங்க. டீ மட்டும் சேர்ந்து."

எட்டு மாதம் அப்படியே போனது. மழைக்காலத்தில் ஒருநாள் அந்த அம்மா மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை. உறவென்று கையெழுத்துப் போட ஒரு தங்கை வெளியூரிலிருந்து வந்து, மூன்றாம் நாள் திரும்பிப் போனாள். லிப்ட்காரர் காலையில் வந்தால் பார்வை நேரம் முடியும்வரை இருந்தார். முதல் நாள் அந்த மருந்து வாசனை அடித்ததும் கால்கள் வாசலுக்குத் திரும்பின. வராந்தாவில் போய் நின்றார். பத்து நிமிடம் கழித்து உள்ளே வந்தார்.

ஒன்பதாம் நாள் அந்த அம்மா, "தலை பிசுபிசுங்குது, யாராவது அலசிவிட்டா தேவலை" என்றார். நர்ஸ் ஒரு வாளியும் குவளையும் கொடுத்தாள். ஏறாத கையால் தலையைத் தாங்கிக்கொண்டு நல்ல கையால் தண்ணீர் ஊற்றினார். நரைத்த முடி விரல்களில் பிரிந்தபோது, இது இன்னொருத்திக்குச் செய்திருக்க வேண்டியது என்று நெஞ்சில் அறைந்தது. அதை அந்த அம்மாவிடம் சொல்ல முடியாது. வேறு யாரிடமும் சொல்ல முடியாது. கண்ணீரைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

துவட்டிவிட்டு வராந்தாவுக்கு வந்து மகளுக்குப் போன் செய்தார். எட்டு மாதமாக எடுக்காதவள் எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியில இருக்கேன். அவங்களுக்கு இடுப்பு ஒடஞ்சிடுச்சு. இப்பத்தான் தலைக்கு ஊத்தினேன்" என்றார்.

அந்தப் பக்கம் ஒரு குக்கர் சத்தம் கேட்டு அடங்கியது.

"தலையை ரொம்பச் சாய்க்காதீங்க" என்றாள் மகள். "காதுல தண்ணி போயிடும். கொஞ்சம் பஞ்சு வச்சுக்குங்க."

போனை வைத்துவிட்டாள். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நர்ஸிடம் பஞ்சு கேட்கப் போனார்.