ஆன்செல்முக்குப் பதில் சொல்பவன்

மூன்று வாரமாகச் சர்க்கரைப் பீட்ரூட் பிடுங்கியதில் எவாரிஸ்தின் முதுகு நிமிர மறந்துவிட்டது. காலையில் சட்டைப் பொத்தானைப் போடக்கூட விரல் மடங்கவில்லை. அன்றைக்கு நவம்பர் பதினொன்று, சண்டை நின்ற நாளுக்கான விடுமுறை. ஆனால் சர்க்கரை ஆலை வண்டி வந்து நின்றது. "பத்து மணி வரைக்கும் பிடுங்கிட்டுப் போங்கப்பா, செத்தவங்க எங்கயும் ஓடிற மாட்டாங்க" என்றார் பண்ணை முதலாளி. அதனால் சேறு அப்பிய மரச்செருப்போடுதான் சண்டையில் செத்தவர்களின் நினைவுத்தூண் முன்னால் வந்து நின்றான்.

சண்டை முடிந்து நாலு வருடம். தூணில் இருபத்தேழு பெயர். மேயர் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். செத்தவனைக் கடைசியாகப் பார்த்தவன் கூட்டத்திலிருந்து, "பிரான்சுக்காக உயிர் விட்டான்" என்று பதில் சொல்ல வேண்டும். பார்த்தவன் எவனும் மிஞ்சாத பெயருக்குப் பாதிரியார் சொல்வார். ஆன்செல்ம் வாஸ் என்ற கடைசிப் பெயருக்கு எவாரிஸ்த். தூண் வைத்த பிறகு வந்த இரண்டு வருடமும் தடுமாறாமல் சொல்லியிருந்தான்.

இந்த முறை ஆன்செல்மின் மனைவி ஸெலி அவன் பக்கத்திலேயே வந்து நின்றாள்.

"சர்க்கார்ல இருந்து கடுதாசி வந்துச்சு. செத்த எடம் தெரிஞ்சா உடம்பத் தோண்டி எடுத்து, பெட்டியில வச்சு ஊருக்கே கொண்டாந்து குடுப்பாங்களாம்."

"காட்டுப் பக்கம்னுதான் சொன்னேனே."

"காடு மூணு கிலோமீட்டர் நீளமாம், எவாரிஸ்த்."

கல்லறைத் தோட்டத்தில் அவனுக்காக ஆறடிக்கு அவள் வேலி கட்டி வைத்திருக்கிறாள். வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று சிரிப்பவர்களும் உண்டு.

"வாஸ், ஆன்செல்ம்."

எவாரிஸ்த் வாயைத் திறந்தான். பக்கத்தில் ஸெலியைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். மேயர் மறுபடி கூப்பிட்டார். முரசு அடிக்கிற ஓமேர் பின்னாலிருந்து, "என்னப்பா, நாக்கையும் பீட்ரூட்டோட சேத்துப் பிடுங்கிட்டியா?" என்று கிசுகிசுத்தான். இரண்டு பேர் இருமுவதுபோலச் சிரித்தார்கள். கடைசியில் பாதிரியார்தான் பதில் சொல்லி முடித்தார்.

எல்லோரும் மேயர் வாங்கித் தரும் ஒயினைக் குடிக்கப் போனார்கள். ஸெலி போகவில்லை.

"உன் பதில பாதிரியாரு ஏன் சொன்னாரு? அப்ப நீ பாக்கலையா?"

"பாத்தேன்." அவன் தொப்பியைத் திருகினான். "செங்கல் சூளைக்குப் பின்னால பள்ளமா ஒரு ரோடு போவும். அதுக்கு இருபதடி தள்ளி ஒரு குண்டுக்குழி. அதுலதான் கெடந்தான்."

"நாலு வருசமா காடுன்ன."

"எடத்தச் சொன்னா மிச்சத்தையும் சொல்லணுமே."

"சொல்லு."

"உயிரோட இருந்தான். ரெண்டு காலும் போயிருச்சு. ஆளக் கூட்டிட்டுத் திரும்பி வர்றேன்னு சொல்லிட்டு ஓடியாந்தேன். பதுங்குகுழியில சூடா சூப்பு குடுத்தாங்க. குடிச்சேன். அப்பிடியே உக்காந்துட்டேன். அலுப்புன்னு சொன்னா பொய். பயம், ஸெலி. விடிஞ்சதும் எங்கள வேற பக்கம் அனுப்பிட்டாங்க."

அவள் அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் தேவலை.

"கத்துனானா?"

"ம்."

"எவ்வளவு நேரம்?"

"ராத்திரி மூணு மணி வரைக்கும் கேட்டுச்சு."

ஸெலி தூணைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "ரோட்டுக்கு எந்தப் பக்கம்?"

"சூளையிலருந்து போனா எடது."

"அத எழுதிக் கையெழுத்து போட்டுக் குடு. அதுக்கப்புறம் என் வாசல மிதிக்காத."

மேயர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தான். அவள் படித்துப் பார்த்து, மடித்து, உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

இடத்தைச் சொல்லியாயிற்று. ஆனால் அந்தக் குழிக்கும் பதுங்குகுழிக்கும் நடுவே இருநூறு மீட்டர் இருந்தது. திரும்பி வருகிறேன் என்று ஆன்செல்மிடம் சொன்ன அந்த ஒரு நடை, எவாரிஸ்த் இன்னும் நடக்காத பாக்கி.