செல்வலட்சுமி லைசென்ஸ் இல்லாமல் இருந்த ஆறு மணி நேரம்

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்: இந்தக் கதை பஸ்ஸில் திருடியது. பொள்ளாச்சியிலிருந்து எல்லை தாண்டிக் கொழிஞ்சாம்பாறை வரும் வண்டியில், முன் சீட்டுப் பெண்ணை யாரோ போனில் வயலுக்கு மருந்தடிக்கக் கூப்பிட்டார்கள். "இன்னிக்கி ஆகாதுங்க. இப்போதைக்கு எனக்கு எந்த ஸ்டேட்டுலயும் லைசென்ஸ் இல்லீங்க, வெறும் பொம்பளைங்க நான்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்த வாக்கியம் மட்டும்தான் அவளுடையது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

(பெயர்கூட நான் வைத்ததுதான். மாரீஸ்வரி என்று தொடங்கினேன். அது மூணாறு எஸ்டேட் பக்கத்துப் பெயராகப் பட்டது. செல்வலட்சுமி ஆக்கிவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: "பாலக்காட்டுக் கணவாய் வழியே தவழ்ந்து வந்த இளங்காற்று..." வேண்டாம். அந்தக் காற்று எந்தக் காலத்தில் தவழ்ந்தது? ஆளைத் தள்ளிவிட்டுப் போகிற காற்று அது.

இரண்டாவது: "செல்வலட்சுமி ஒரு" — ஒரு என்ன? போராளி என்று எழுதினால் அவளே சிரிப்பாள்.

சரி, நேராகவே சொல்கிறேன். செல்வலட்சுமி மருந்தடிக்கிறவள். நெல்லுக்கு, தென்னைக்கு, மாமரத்துக்கு எல்லாம் அடிப்பாள். பொள்ளாச்சிப் பக்கம் பிறந்த ஊரில் பயிற்சி எடுத்துத் தமிழ்நாட்டு லைசென்ஸ் வாங்கியிருந்தாள். கேரளத்து வடகரப்பதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் அது பீரோவில் தூங்கியது. இந்தப் பக்கம் அடிக்கக் கேரள லைசென்ஸ் வேண்டும். அதனால் ஏழு வருஷமாக மத்தியாஸ் என்ற லைசென்ஸ்காரரிடம் வேலை. அவர் முன்னால் நின்று அடிப்பார், இவள் பின்னால் சேற்றில் மருந்து வரும் ஓஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று அவர் இவளிடம்தான் கேட்டுக்கொள்வார். பேர் மட்டும் அவருக்கு. எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது.

நாளைக்கு வயல்காரர்களின் சங்கமான பாடசேகர சமிதி கூடி, இந்தப் போகத்துக்கு மருந்தடிக்க ஆள் வைக்கிறது. இன்று ஐந்து மணிக்குள் லைசென்ஸ் கேரளாவுக்கு மாறிவிட்டால் செல்வலட்சுமி தன் பேரில் கேட்கலாம். மத்தியாஸுக்கு இருக்கிற ஒரே போட்டி அவள்தான். மாறாவிட்டால் இன்னொரு வருஷம் ஓஸ் பிடிக்க வேண்டும்.

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். கொழிஞ்சாம்பாறை விவசாய ஆபீஸான கிருஷி பவனின் ஆபீசர் இந்துவை அந்த வேலைக்கு வைத்துப் பார்த்தேன். கடுகடு முகம் கொடுத்தேன், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்க வைத்தேன். அவரோ வாயைத் திறந்ததும், "சேச்சி, அஞ்சு மணி வரைக்கும் ஞான் இவிடெத்தான் இருக்கும். பேப்பர் கொண்டு வந்தா உடனே சீல் வச்சுத் தரும்" என்றார், மலையாளம் கலந்து. அந்த அம்மாள் கெட்டவராக மாட்டேன் என்கிறார்!

ஆகவே விதியே வில்லன். அக்கரையில், தமிழ்நாட்டு ஆபீஸில், பழைய லைசென்ஸை ஒப்படைத்தால்தான் தடையில்லாச் சான்று தருவார்கள். இக்கரையில், லைசென்ஸ் இருக்கிறவருக்குத்தான் மாற்றித் தருவார்கள். பைத்தியம் தீர்ந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தீரும். அங்கே ஒப்படைத்த அன்றைக்கே இங்கே பதிந்துவிட்டால் ஏற்றுக்கொள்ளலாம் என்று வழி கண்டுபிடித்தவரும் இந்துதான்.

(சட்டப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்காதீர்கள். இது கதை.)

4

பதினோரு மணிக்கு அக்கரையில், பொள்ளாச்சி ஆபீஸில், ஒப்படைத்தாள். "ஆபீசர் மூணு மணிக்கு வந்துதான் கையெழுத்துப் போடுவாரு" என்றார் கிளார்க். இரண்டு மணிக்கு இக்கரையில் லைசென்ஸ் மாற்றத்துக்கான செய்முறைத் தேர்வு. என்ன செய்வாள்? எல்லையில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள். இங்கே எல்லாப் பொருளும் கண்டக்டர் கையில்தான் பிரயாணம் செய்யும்: மல்லிகைப்பூ, சர்க்கரை மாத்திரை, ஒருமுறை ஒரு பல்செட். பொள்ளாச்சியில் பழக்கடை வைத்திருக்கும் நியாஸிடம் ரசீதைக் கொடுத்து, "சர்ட்டிபிகேட்ட வாங்கி பஸ்ஸுல குடுத்து உட்ருங்க பாய்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

தேர்வு சுலபம். முகமூடி, கையுறை போட்டுக் காற்றுக்கு முதுகு காட்டி நின்றாள். பத்துக்குப் பத்து.

மூன்றரைக்கு நியாஸ் போனில் கூப்பிட்டார். "குடுத்துட்டேன் தங்கச்சி. வண்டி கெளம்பிருச்சு."

"எந்த வண்டிங்க பாய்?"

"கேரளா வண்டிதான்."

கேரளா வண்டிதான், சந்தேகமில்லை. ஆனால் அது மீனாட்சிபுரம் வழியாகப் போகிற வண்டி, கொழிஞ்சாம்பாறைப் பக்கமே வராது. கண்டக்டர் முகம் தெரிந்திருந்தால் எங்கள் ஆட்கள் போர்டைப் பார்க்க மாட்டார்கள்.

[வாட்ஸாப்பில் அனுப்பினால் போதாதா என்று கேட்கும் வாசகருக்கு: போதாது. அசல் வேண்டும்.]

5

கவரில் எழுதியிருந்த நம்பருக்குக் கண்டக்டர் கூப்பிட்டார். "மீனாட்சிபுரத்துல ஆருகிட்டம்மா குடுக்கட்டும்?"

அந்த நேரத்தில் மீனாட்சிபுரத்தில் அவளுக்குத் தெரிந்த ஆள் ஒருவர்தான் இருந்தார். அங்கே மாந்தோப்புக்கு மருந்தடிக்கப் போயிருந்த மத்தியாஸ்.

சத்தியமாக இது என் திட்டத்தில் இல்லை. நான் யோசித்திருந்த முடிவுகள் வேறு. ஒன்று: பஸ் டயர் வெடிக்கிறது (சோம்பேறித்தனம்). இரண்டு: மத்தியாஸ் கண்ணீர் மல்க ஓடி வந்து (சினிமா). மூன்று: செல்வலட்சுமி ஆட்டோ பிடித்து — நேரம் பற்றாது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே அவள் மத்தியாஸின் பேரைச் சொல்லிவிட்டாள்.

6

நாலரைக்கு அவரைக் கூப்பிட்டாள்.

"கவரு கைக்கு வந்துருச்சுங்களாண்ணா?"

"வந்துச்சு. பிரிச்சும் பாத்தேன்."

"அப்ப வண்டியெடுத்துட்டு வந்துருங்கண்ணா. அஞ்சு மணிக்குள்ள வேணுங்க."

டீ கிளாஸை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"ஏம்மா லட்சுமி, இத நானே கொண்டாந்து குடுத்துட்டா நாளைக்கி எனக்கு ஆரு ஓஸ் புடிப்பா?"

அவள் கெஞ்சுவதாக நாலு வரி எழுதி அடித்தேன். கோபப்படுவதாக எழுதி, அதையும் அடித்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"நீங்க புடிங்கண்ணா. நான் அடிக்கறேன்."

மத்தியாஸ் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். போனை வைக்காமலே பைக்கை உதைத்தார், அது கிளம்பியது. அவர் நிற்கும் டீக்கடையிலிருந்து ஒரு ரோடு கொழிஞ்சாம்பாறைக்கு, இன்னொன்று அவர் வீட்டுக்கு. எந்த ரோட்டில் வேண்டுமானாலும் என்னால் அவரை ஓட்டிவிட முடியும். ஆனால் நான் செல்வலட்சுமி கட்சி, என் தீர்ப்பு செல்லாது.

கிருஷி பவன் வாசலில் அவள் போனைக் காதில் வைத்தபடி நிற்கிறாள். உள்ளே இந்து சீல் கட்டையையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்துவிட்டார். மணி நாலு முப்பத்தைந்து. பைக் எந்தப் பக்கம் திரும்பியது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், ஐந்து மணிக்கு ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள்.