பென் டிரைவில் கிடந்த பிறந்தநாள்

தாராவி தென்மாவட்டத் தமிழர் சங்கத்தில் கம்ப்யூட்டர் என்றால் வானமாமலைதான். வேறு யாரிடமும் கம்ப்யூட்டர் இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துப்போட்ட லேப்டாப்பைக் காட்கோபரில் வாங்கி, பழைய மெஷினுக்குத் தோதாக லேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டிருந்தார். விண்டோஸெல்லாம் பொதுஜனத்துக்கு என்பார். பென் டிரைவைச் சும்மா பிடுங்க மாட்டார். அதன் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் அம்புக்குறியை அழுத்தி, எடுக்கலாம் என்று திரை உத்தரவு கொடுத்த பிறகே, பிரசாதம் எடுப்பதுபோல இரண்டு விரலால் எடுப்பார்.

போன மாதம் அவருக்கு அறுபது முடிந்தது. மகன் ராஜசேகர் முலுண்டில் ஹால் பிடித்து விழா எடுத்ததாகச் சங்கத்தில் சொல்லி வைத்திருந்தார். தங்களைக் கூப்பிடவில்லையே என்று பலருக்கு மனத்தாங்கல். கேட்டரிங்காரன் இலைக் கணக்கில் கறார் என்று சமாளித்தார். உண்மையில் மகன் போனில் வாழ்த்தினான். ஆபீஸில் ஆடிட், வர முடியவில்லை என்றான். மனைவி இறந்த பிறகு அவருடைய ஒற்றை அறையில் பேசுவது டிவி மட்டும்தான்.

சங்கத்தின் ஆண்டுவிழாவில் பழைய படங்களை டிவியில் ஓட்டிக் காட்டுவது அவர் பொறுப்பு. இருந்த ஒரே பென் டிரைவில் அந்தப் பிறந்தநாள் படங்களும் கிடந்தன. முந்தின நாளே அவற்றைத் தேர்ந்தெடுத்து டெலிட்டைத் தட்டினார். படங்கள் கண்ணிலிருந்து மறைந்தன, ஆனால் இடம் மட்டும் கூடவில்லை. சீனாச் சரக்கு அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டார். லினக்ஸோ படங்களை அழிக்காமல், பென் டிரைவிலேயே மறைவாக ஒரு குப்பைத்தொட்டி வைத்து அதில் போட்டிருந்தது. அதையும் காலி செய்ய வேண்டும் என்று பொதுஜனத்தில் யாராவது சொல்லியிருக்கலாம். அவர் யாரையும் கேட்கிற ஆள் இல்லை.

விழாவன்று பென் டிரைவைச் செருகிய சங்கத்து டிவிக்கு மறைவு, குப்பை என்ற பேதமெல்லாம் கிடையாது. கொடியேற்றம், இரத்ததான முகாம், அமைச்சருக்குப் பொன்னாடை என்று ஓடிக்கொண்டிருந்த திரையில், திடீரென்று பட்டு வேட்டியில் வானமாமலை வந்தார். ஸ்டூலில் ஒரு கேக். பின்னால் துணிக்கொடியில் துண்டு காய்ந்தது. அடுத்த படத்தில் கேமரா டைமர் முந்திக்கொண்டதால் பாதித் தலைதான் இருந்தது. அதற்கடுத்ததில் தன் வாயில் தானே கேக் ஊட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

ஹாலில் ஒருவரும் சிரிக்கவில்லை. பொருளாளர் பேச்சிராஜாதான் மெல்லக் கேட்டார்: "அண்ணாச்சி, இது முலுண்டு ஹாலா?"

வானமாமலை ரிமோட்டைக் கையில் எடுத்தார். "அது... ரிகர்சல்."

முன்வரிசையில் இருந்த செண்பகவல்லி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ரிகர்சலுக்காவது கூப்புட்டிருக்கலாம்லா அண்ணாச்சி. அடுத்த கல்லியில, நாலு எட்டுலதான இருக்கேன்."

வானமாமலை ரிமோட்டில் நிறுத்துகிற பட்டன் எது என்று தேடிக்கொண்டிருந்தார்.