ஊக்கு மாட்டிய மணி

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. அக்டோபர் ஏழு, செபமாலை மாதாவின் திருநாளும்கூட. 1939ஆம் வருஷம் இரண்டும் ஒரே நாளில் வந்து, திருப்பதி ஸ்டேஷனில் பெண்கள் தங்கும் அறையைப் பார்த்துக்கொண்ட சூசையம்மாளின் தலையில் விடிந்தன.

சித்தூரில் கட்டிக்கொடுத்த மகள் ஜெபமணி விஷக்காய்ச்சலில் கிடந்து பிழைத்து எழுந்திருந்தாள். அதற்கு நன்றியாக, ஒன்பது நாள், நாளுக்கு ஐம்பத்து மூன்று மணி செபமாலை சொல்லித் திருநாளன்று முடிப்பதாக வேண்டுதல். முதல் மூன்று மணி போக, மீதி ஐந்து பத்துகள். ராத்திரியில் உட்கார்ந்தால் மூன்றாம் பத்திலேயே தூங்கிவிடுவாள். அதனால், விளக்கு வைப்பதற்குள் முடிப்பதாக மாதாவிடம் சொல்லிவைத்திருந்தாள். எட்டு நாள் தப்பாமல் நடந்துவிட்டது.

வேலைக்கு நடுவே சொல்ல அவளுக்கு ஒரு வழி இருந்தது. யாராவது கூப்பிட்டால், நிறுத்திய மணியின் பக்கத்தில் ஓர் ஊக்கை மாட்டி, மாலையை மடியில் செருகிக்கொள்வாள். தரையைக் கழுவி, குடத்தை நிரப்பிவிட்டு வந்து, ஊக்கைக் கழற்றித் தொடர்வாள்.

"கோவிந்தா நாமமா அக்கா?" என்று கேட்டாள் மூலையில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த வெங்கடம்மா. நகரியில் தறி நெய்கிற குடும்பம். மொட்டையடித்த தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை.

"இல்லம்மா, எங்க மாதாவுக்கு."

"இப்டி நிறுத்தி நிறுத்திச் சொல்றியே, அந்தம்மா கோச்சிக்காதா?"

"அவங்களும் வீட்டு வேல செஞ்சவங்கதாம்மா."

ஐந்து மணி வண்டி வந்தது. அறை நிரம்பி வழிந்தது. நெரிசலில் ஒரு பெண்ணின் பாவாடை இடுப்பில் கிழிந்துபோக, அவள் கூனிக்குறுகி நின்றாள். சூசையம்மாள் யோசிக்காமல் மடியிலிருந்த மாலையின் ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வெளியே ஓடிய பிறகுதான், நிறுத்திய மணியின் அடையாளம் போய்விட்டது அவளுக்கு உறைத்தது. மூன்றாம் பத்தா, நான்காம் பத்தா? சின்ன மணிகள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. இந்தக் கூட்டத்தில் முதலிலிருந்து தொடங்கினால் விளக்கு வைப்பதற்குள் முடியாது. நாளைக்குத் தள்ளலாம் என்றால், திருநாள் இன்றோடு போய்விடும். கண் கலங்கிவிட்டது.

"இன்னா அக்கா?"

சொன்னாள்.

"முப்பத்தெட்டு" என்றாள் வெங்கடம்மா.

"என்னது?"

"பெரிய மணிய உட்டுட்டு, சின்னது முப்பத்தெட்டு தள்ளிட்டே. பாவு நூலு எண்ணி எண்ணிக் கெட்ட கண்ணு இது. எது கையில ஓடினாலும் எண்ணிக்கினே கெடக்கும். நேத்து மலைப் படியக்கூட எண்ணிக்கினு வந்து எங்க வூட்டுக்காரர்கிட்ட திட்டு வாங்கினேன்."

நான்காம் பத்தின் நடுவில்தான் வண்டி வந்தது என்று சூசையம்மாளுக்கும் இப்போது நினைவு வந்தது.

"பதினஞ்சு தானே பாக்கி? குந்து." வெங்கடம்மா மூட்டையை வாசலில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களுக்குத் தானே பதில் சொன்னாள். "தண்ணியா? அதோ குடத்துல கீது, மொண்டுக்கோ. அக்காவ கூப்பிடாதே." எட்டிப் பார்த்த போர்ட்டர் பச்சையப்பனையும் அவள் விடவில்லை. "அப்பாலிக்கா வா நைனா."

"இது யாரு புது மாஸ்டரு?" என்று முனகிக்கொண்டே அவன் போனான்.

சூசையம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். மாதாவை வாழ்த்தும் பிரியதத்த மந்திரம் ஒன்றன்பின் ஒன்றாக உதட்டில் ஓடியது. ஒன்பது நாளும் மற்ற மணிகளையெல்லாம் ஜெபமணிக்காகவே சொல்லியிருந்தாள். கடைசி மணியை மட்டும், வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மொட்டைத் தலைக்காகச் சொன்னாள்.

"அம்பத்தி மூணு" என்றது வாசலிலிருந்து குரல்.

வெளியே பச்சையப்பன் லாந்தர் ஏற்ற ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தான்.