காவலுக்கு நாலு பொட்டலம்

லியாவுக்கு முழங்காலிலும் வலி, மண்டையிலும் வலி. கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் குவாங்ஹுவா கட்டிடத்தின் மூன்றாவது மாடியில், பாங் அம்மாளின் கடைக் கண்ணாடிப் பலகைமேல் மூன்று கிராபிக்ஸ் கார்டுகள் கிடந்தன. முதலாவது புத்தம் புதுசு, விலை குறைவு, தெம்பும் குறைவு. நடுவில் இருந்தது பார்க்க லட்சணமாக இருந்தது, ஆனால் விலையைக் கேட்டதும் அவர் கையை எடுத்துவிட்டார். மூன்றாவது, இணையக் காசு தோண்டும் கூடம் ஒன்றில் ராப்பகலாக ஓடிவிட்டு, அந்தக் கூடத்தை மூடியதும் விலைக்கு வந்த பழசு. அதைப் பார்க்க அவருக்குக் கொஞ்சம் பாசமாகவே இருந்தது. அவரும் ஒரே பாதையில் பஸ் ஓட்டி ஓட்டித் தேய்ந்தவர்தானே.

"அண்ணே, அரை மணி நேரமா இதையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு நேரம் எடுக்க மாட்டாங்க" என்றாள் பாங் அம்மாள். "யாருக்கு வாங்குறீங்க?"

"பையனுக்கு."

"என்ன ஆட்டம் ஆடுறான்?"

"அதான், மலைமலையா ஏறிப் பூதத்த வேட்டையாடுறது இருக்கே, அது."

"பையனுக்கு என்ன வயசு?"

பொய் சொல்லவும் தெம்பு வேண்டும். லியாவுக்கு அன்று அது இல்லை. காலை நாலரைக்கு எழுந்து, ஒரு சுற்று ஓட்டிவிட்டு, பெட்டிச் சோற்றைப் பாதியில் மூடிவைத்துவிட்டு வந்திருந்தார்.

"அம்பத்தஞ்சு" என்றார்.

பாங் அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்ல பையன்தான். ஹோம்வொர்க் முடிச்சானா?"

சிரித்து முடித்ததும் வேலையைப் பார்த்தாள். அவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இருந்த மின்சாரப் பெட்டியின் சீட்டைப் போனில் படம் பிடித்து வந்திருந்தார். அதை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். லட்சணமான கார்டை இந்தப் பெட்டி தாங்காது. புதுசு தாங்கும், ஆனால் போன மாதம் அந்த ஆட்டத்தை மாற்றிவிட்டார்கள், மலையெல்லாம் இப்போது பெரிதாகிவிட்டது, அதற்கு ஈடுகொடுக்காது.

"அப்போ பழசுதானா?"

"ஓடி ஓஞ்சதுதான், இல்லைங்கல. ஆனா ஓடிப் பழகினது. மூணு மாசத்துக்குள்ள படுத்தா மாத்தித் தர்றேன். உங்களுக்கும் சரி, எனக்கும் சரி, இந்த வயசுல அவ்வளவு உத்தரவாதம் யாருண்ணே தர்றா?"

லியாவ் பழசையே வாங்கிக்கொண்டார்.

உண்மையில் அவருக்கு மலையும் வேண்டாம், பூதமும் வேண்டாம். மகள் சின்-ரூ தூரத்தில், தெற்கே தைனானில் சிப் ஆலையில் வேலை பார்க்கிறாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்கிற கதையாக, ஊருக்கெல்லாம் சிப் செய்கிறவளின் அப்பனுக்குப் பழைய கார்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை எட்டு மணிக்கு அவள் அங்கிருந்தும் இவர் சான்சோங்கில் தன் வீட்டிலிருந்தும் அந்த ஆட்டத்துக்குள் போவார்கள். அவளுக்குக் கத்தி, இவருக்கு வில். இவர் ஒரு பூதத்தையும் கொன்றதில்லை. அவள் பின்னாலேயே நடப்பார், மலையிலிருந்து விழுவார், அவள் இறங்கி வந்து தூக்கிவிடுவாள். அதற்கிடையே காதுக்குழலில் அவள் பேசிக்கொண்டே இருப்பாள்: மேலதிகாரியின் கொட்டாவி, அறைத்தோழியின் பூனை, விட்டுப்போன பல்வலி. நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தம்கூடக் கேட்கும். அந்த இரண்டு மணி நேரம் இல்லையென்றால் லியாவுக்கு வாரம் என்று ஒன்றே கிடையாது. பஸ்ஸும் படுக்கையும்தான் மிச்சம்.

ஆட்டத்தை மாற்றியதிலிருந்து கம்ப்யூட்டர் பாதியில் அணைந்துபோக ஆரம்பித்தது. முதலில் ஒரு தடவை, பிறகு வாராவாரம். போன ஞாயிறு மூன்றாவது தடவை அணைந்தபோது சின்-ரூ போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, நான் மலை உச்சியில தனியா நிக்கிறேன். இப்படியே போனா எப்படி? விட்டுடலாம்ப்பா. முடியறப்போ நானே போன் பண்றேன்."

முடியறப்போ என்றால் என்ன என்று லியாவுக்குத் தெரியும். தைச்சுங்கில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குக் கிளம்பிப் போனபோது அவர் மனைவியும் அதைத்தான் சொன்னாள். அதற்கப்புறம் அவளுக்குப் போன் பண்ண முடியவே இல்லை.

அதனால்தான் இந்தக் கார்டு. வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றி, தூசியைத் துடைத்து, முன்பிருந்த கார்டைப் பிடுங்கி, வாங்கி வந்ததைச் செருகினார். திரையின் வயரைக் கார்டிலேயே மாட்ட வேண்டும் என்று பாங் அம்மாள் இரண்டு தடவை சொல்லியிருந்தாள், அதையும் மறக்கவில்லை. கடைசியாக, கீழே கடையிலிருந்து வாங்கி வந்த பச்சைப் பொட்டலத்தைக் கம்ப்யூட்டர் தலையில் வைத்தார்.

அது இல்லாமல் அந்த ஊரில் எந்த மெஷின் ஓடும்? டெப்போவில் டிக்கெட் மெஷின்மேல் ஒரு பொட்டலம், ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷின்மேல் ஒன்று, பாங் அம்மாளின் கல்லாமேல் ஒன்று. உள்ளே வெறும் சோளப்பொரிதான், தேங்காய் வாசனையோடு. ஆனால் மெஷின் அடங்கி ஒடுங்கி நடக்க அதுதான் காவல். பச்சையாக இருக்க வேண்டும். சிவப்போ மஞ்சளோ வைத்தால் மெஷின் முறைத்துக்கொள்ளும். பிரித்துத் தின்னக் கூடாது. தேதி தாண்டவும் கூடாது.

அந்தக் கடைசி விதியில்தான் லியாவுக்குச் சிக்கல். கம்ப்யூட்டர்மேல் இருந்த முதல் பொட்டலம் சின்-ரூ வேலை கிடைத்துத் தைனானுக்குப் போன அன்று வைத்தது. 'அப்பாவைப் படுத்தாதே' என்று தடித்த பேனாவால் மெஷினுக்கு உத்தரவு எழுதியிருந்தாள். அது எப்போதோ காலாவதி ஆகிவிட்டது. பச்சை வெளுத்து, பை லேசாக உப்பிக் கிடந்தது. எடுத்துப் போட அவருக்கு மனசு வரவில்லை. அதனால், கெட்டுப்போன காவலாளிக்குத் துணையாக, கம்ப்யூட்டர் படுத்தத் தொடங்கியதும் பக்கத்தில் இன்னொன்று வைத்தார். இப்போது வைத்தது மூன்றாவது.

ஞாயிறு வந்தது. ஆட்டம் திறந்ததும் லியாவ் திரையை ஒட்டிக் குனிந்தார். புல் தனித்தனியாக அசைந்தது. சின்-ரூவின் வீராங்கனைக்குக் கன்னத்தில் ஒரு தழும்பு இருப்பதை அன்றுதான் பார்த்தார்.

"ஆ-ரூ, உன் மூஞ்சி தெரியுதும்மா!" என்று செல்லப்பேர் சொல்லிக் கத்தினார்.

"இத்தன நாளா என்னத்தப்பா பாத்துக்கிட்டு இருந்த?"

"என்னமோ பழுப்பா ஒண்ணு முன்னாடி போகும். அது பின்னாலயே வந்துடுவேன்."

அவள் சிரித்தாள். பனிமலை அடிவாரம் தாண்டி, ஒரு மரப்பாலம் தாண்டி, அவள் வாயைத் திறந்து "அப்பா, இந்த வாரம் ஒண்ணு நடந்துச்சு, யார்கிட்டயும் சொல்லல..." என்று தொடங்கியபோது திரை இருண்டது. விசிறிச் சத்தமும் நின்றது.

லியாவ் பொத்தானை அமுக்கினார். எழுந்தது, அணைந்தது. மறுபடி அமுக்கினார். போனில் கூப்பிட்டபோது அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் அவரை என்னவோ செய்தது.

"என்னமோ சொல்ல வந்தியேம்மா."

"ஒண்ணுமில்லப்பா. அசதியா இருக்கு. நீயும் தூங்கு."

மறுநாள் வேலை முடிந்த கையோடு கம்ப்யூட்டரை அப்படியே துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பாங் அம்மாள் கடைக்குப் போனார். பொட்டலங்களை மட்டும் வீட்டில் எடுத்து வைத்திருந்தார்.

"ஏமாத்திட்டியே, முதலாளியம்மா! செத்த குதிரைய என் தலையில கட்டிட்டியே!"

"கத்தாதீங்கண்ணே. உக்காருங்க. சாப்பிட்டாச்சா?"

பாங் அம்மாள் கம்ப்யூட்டரைக் கடைத் திரையோடு மாட்டிவிட்டு, அதே ஆட்டத்தை ஓடவிட்டாள். இருவரும் மாட்டிறைச்சி நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடிந்து, இரண்டு வாடிக்கையாளர்கள் பேரம் பேசிப் போய், அவள் கணவன் வந்து சாவி வாங்கிப் போகிறவரை ஆட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு சிணுங்கல் இல்லை. லியாவுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"வீட்டுக்குப் போனா மட்டும் ஏன் இப்படிப் பண்ணுது?"

"வீட்டுல பச்சை வச்சிருக்கீங்கல்ல?"

"மூணு வச்சிருக்கேன்."

"தேதி பாத்தீங்களா?"

லியாவ் தலையைக் குனிந்துகொண்டார். பாங் அம்மாள் உச்சுக்கொட்டிவிட்டு, கல்லாவுக்கு அடியிலிருந்து புதுப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதையும் வைங்க. என் கை ராசியான கை."

நாலாவதையும் வைத்தார். இரண்டு நாள் கழித்துச் சோதித்துப் பார்த்தபோது முன்னைவிடச் சீக்கிரம் அணைந்தது. வெள்ளிக்கிழமை மகளுக்குச் செய்தி அனுப்பினார்: 'கம்ப்யூட்டர் போச்சும்மா. நீ ஞாயித்துக்கிழமை நல்லா ஓய்வெடு.' அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். இனிமேல் எதற்கும் கடை மாடி ஏற முடியாது என்று முழங்கால் சொன்னது, அவரும் சரி என்றுவிட்டார்.

ஞாயிறு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. முதுகுப்பையும் கண்ணுக்குக் கீழே கருவளையமுமாகச் சின்-ரூ நின்றாள்.

"ஏம்மா, சொல்லாம கொள்ளாம?"

"சொன்னா வேணாம்ப. சாயங்கால ரயில்ல திரும்பணும். எங்க அந்தச் சனியன்?"

மேசைக்கடியில் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கம்ப்யூட்டரின் தலையில் சல்லடை மாதிரி துளைகள் இருக்கும். உள்ளே கொதிக்கிற காற்று வெளியேற அந்த வழிதான். அந்தத் துளைகளில் ஒன்றுகூடத் தெரியாமல் நாலு பச்சைப் பொட்டலங்கள் கூரை வேய்ந்ததுபோல அடுக்கியிருந்தன.

"அப்பா, இது என்ன?"

"காவலுக்கு. ஒவ்வொரு தடவ படுத்துறப்பவும் ஒண்ணு சேத்தேன்."

"மூக்கையும் வாயையும் பொத்திட்டு, ஏன்டா மூச்சு விடலன்னு கேட்டா அது என்னப்பா பண்ணும்?" சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன அவளுக்கு. "வேற கார்டே வேண்டியிருந்திருக்காது போல. முன்னாடி இருந்ததுக்கும் இதான் ஆகியிருக்கும்."

ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசியாக அடியில் கிடந்ததை எடுத்தபோது அவள் கை நின்றது. வெளுத்த பிளாஸ்டிக்கில் தன் எழுத்தைப் பார்த்தாள். தேதியையும் பார்த்தாள்.

"இதையா இன்னும் வச்சிருக்க?"

"நீ எழுதினது" என்றார் லியாவ். அதற்குமேல் நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை. "எனக்கு அந்த ஆட்டமே புடிக்கலம்மா. பூதத்தப் பாத்தா பயமா இருக்கு, மலையப் பாத்தா தல சுத்துது. நீ நூடுல்ஸ் சாப்பிடுற சத்தம் கேக்கணும், அவ்வளவுதான். உனக்குச் சலிச்சுப் போச்சுன்னா சொல்லிடு. எனக்காக இழுத்துக்கிட்டு இருக்காத."

சின்-ரூ பொட்டலத்தை மடியில் வைத்து அதன் மூலையை நீவிக்கொண்டிருந்தாள்.

"வாரம் பூரா முகமூடி போட்டுக்கிட்டு வேலைப்பா. யாரு யாருன்னே தெரியாது. ஞாயித்துக்கிழமதான் வாயத் திறக்கிறேன். உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால இதெல்லாம் சொல்ல முடியாது. மல ஏறிக்கிட்டேன்னா சொல்லிடுவேன்." மூக்கை உறிஞ்சினாள். "போன வாரம் வேலைய விட்டுடலாமான்னு கேக்க வந்தேன். அதுக்குள்ள நீ அணைஞ்சு போயிட்ட."

"இப்பக் கேளு."

"இப்ப வேணாம். அடுத்த வாரம், பாலத்துகிட்ட."

கம்ப்யூட்டரைப் போட்டாள். அணையவில்லை. அவள் பழைய பொட்டலத்தைத் தன் பைக்குள் திணித்துக்கொண்டபோது லியாவின் கை அதன் பின்னாலேயே நீண்டது. அவள் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"கெட்டுப் போனத வச்சுக் கும்பிடாதப்பா. கீழ போயி ஒண்ணு வாங்கிட்டு வா, புதுசா எழுதித் தர்றேன். மேசைமேல வை, மெஷின்மேல வைக்காத. தேதி முடிஞ்சா தூக்கிப் போட்டுடு. நானே வந்து அடுத்ததுல எழுதித் தர்றேன்."

"நீயே வந்தா?"

"நானே வந்து. சத்தியமா."

லியாவ் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். தெருமுனைக் கடையில் பச்சைப் பொட்டலங்கள் கீழ்த்தட்டில் இருந்தன. முழங்கால் முனக முனகக் குந்தி உட்கார்ந்து, முதல் பொட்டலத்தைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். அடுத்த வருஷம் மே மாதம். வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அதுவும் மே. ஒவ்வொன்றாகத் தட்டையே காலி செய்து தரையில் பரப்பிவிட்டார்.

கல்லாவில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "அங்கிள், எல்லாமே புது சரக்குதான். தேதி நல்லா தள்ளித்தான் இருக்கும், கவலைப்படாம எடுங்க."

லியாவ் நிமிர்ந்து பார்த்தார்.

"சீக்கிரமாக் கெட்டுப் போறது ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டார்.