கேலரியில் குச்சிக்கிழங்கு

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. மொட்டை மாடியில் நின்று கேட்டேன். காய்ந்த துணியை எடுக்கப் போனவள், பக்கத்து வீட்டு வாசலில் பேச்சுச் சத்தம் வரவும், எடுத்த துணியை மறுபடியும் கொடியில் போட்டேன். (எழுதுகிறவர்கள் இதைக் கள ஆய்வு என்பார்கள்.)

வாசலில் நின்றவர் சந்திரசேகர், எங்கள் நாமகிரிப்பேட்டைக் கால்பந்து மைதானக் கமிட்டியின் செயலாளர். எதிரே நின்றவள் அந்த வீட்டுப் பிரவீனா, ஊருக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்கிறவள். ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு இலவச வைஃபை கொடுக்கும் வேலையும் அவளுடையதுதான்.

"ஏம்மா, கேலரி காலியா இருந்தப்ப நெட்டு பறந்துச்சு. அரையிறுதிக்குச் சனம் வந்து உக்காந்ததும் படுத்துக்கிச்சு. பைனல்லயும் படுத்துச்சுன்னா பெங்களூர்க் கம்பெனிக்குக் குடுத்துருவேன். அப்பறம் வருத்தப்படக் கூடாது."

"படுக்காதுங்க" என்றாள் பிரவீனா. குரலில் நம்பிக்கை இருந்தது. முகத்தைப் பார்க்க முடியவில்லை; மாடியின் அந்த மூலையில் தண்ணீர்த் தொட்டி மறைத்தது.

2

[தொடக்கம் ஒன்று: 'அலைகளுக்கும் மனிதர்களுக்குமான ஆதிப் போரில்...' வேண்டாம். பிரவீனா படித்தால் சிரிப்பாள்.]

[தொடக்கம் இரண்டு: 'தகவல் தொடர்பு என்பது இன்றைய...' இதைப் படித்து நானே தூங்கிவிட்டேன்.]

நேராகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஆண்களில் நிறையப் பேர் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மகள்கள் இங்கே பந்து விளையாடுகிறார்கள். அம்மாக்கள் கேலரியில் உட்கார்ந்து போனை மைதானத்தின் பக்கம் பிடித்து, வீடியோ காலில் அப்பாக்களுக்கு ஆட்டத்தைக் காட்டுகிறார்கள். அரையிறுதியில் குஞ்சம்மாளின் மகள் கோல் போட்டாள். குஞ்சம்மாளின் கணவர் மாரி அங்கே பார்த்தது, சுற்றிக்கொண்டே இருந்த ஒரு வட்டத்தை.

3

"மனுச ஒடம்புல பாதிக்கு மேல தண்ணிங்கக்கா. கம்பத்து மேல இருந்து வர்ற சிக்னலை ஒடம்பு குடிச்சுருது. சின்னச் சின்ன வைஃபைப் பெட்டியா கேலரிப் படிக்கு அடியில வெக்கோணும். ஆனாச் சனமில்லாம எப்படிச் சோதிக்கறது?" என்றாள் பிரவீனா.

"சனத்துக்கு எங்க போவ?" என்றேன். (அக்கறையில் அல்ல. விஷயம் வேண்டியிருந்தது.)

"ஆளு கனத்துல, ஈரமா, சொன்ன எடத்துல உக்கார்ற மாதிரி என்னங்கக்கா இருக்குது நம்மூர்ல?"

மறுநாள் காலை மைதானத்துக்குள் அங்கமுத்துவின் லாரி நுழைந்தது. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வாங்கிக் கொடுக்கும் வியாபாரி அவர். முதல் பிரதியில் அவரை இளகிய மனசுக்காரராக எழுதினேன்; பாத்திரம் நிற்கவே இல்லை. உண்மையில் அவர் சம்மதித்தது, "முடியாதுன்னா ஆத்தூர் வேவாரிகிட்டக் கேட்டுக்கறேனுங்க" என்று பிரவீனா சொன்ன பிறகுதான்.

"பொழுதுக்குள்ள ஆலைக்குப் போயிரோணும் சாமி. கெழங்கு கறுத்துப் போச்சுன்னா என்ர மூஞ்சியும் கறுத்துப் போயிரும்."

படிக்குப் படி மூட்டைகள் உட்கார்ந்தன. வேடிக்கை பார்க்க ஊரே வேலியில் தொங்கியது.

"ஏனுங்க, கெழங்கு எந்த டீமுக்குங்க?"

"கெழங்கு போன் பேசுமா?"

பிரவீனா வேலியருகே போய்க் கையை நீட்டினாள். "உங்க போனைக் குடுங்க. பேச வெக்கறேன்."

கேலி செய்தவர்களின் போன்களே மூட்டைகளின் மேல் ஏறின. எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் வீடியோ கால். நெட் படுத்துவிட்டது. பிரவீனா சிரித்தாள். அரையிறுதியில் படுத்த மாதிரியே படுத்திருந்தது. கிழங்குகள் மனிதர்களாகிவிட்டன; இனி அவற்றை வைத்து வேலை செய்யலாம்.

பெட்டிகளைப் படிகளுக்கு அடியில் மாட்டுவதும், இடம் மாற்றுவதும், படுத்தால் மறுபடி மாற்றுவதுமாக இருந்தாள். பொழுது சாயும் முன்னே ஒவ்வொரு மூட்டையின் மேலும் தெளிவான படம். கிழங்கு கறுக்காமல் ஆலைக்குப் போனது.*

* அந்த வார ஜவ்வரிசி, கேலரியில் உட்கார்ந்து வந்ததாக இருக்கலாம். பாயசம் வைத்தவர்கள் கலங்க வேண்டாம்.

4

இறுதிப் போட்டியில் கேலரி பிதுங்கியது. நான் குஞ்சம்மாளை ஒட்டி உட்கார்ந்தேன். அவள் போனுக்குள் மாரி, பின்னால் ரிக்கின் இரைச்சல்.

கடைசி நிமிடங்களில் அவள் மகள் மூன்று பேரைத் தாண்டி அடித்தாள். வலை உப்பியது.

"கம்ப்ரசரை ஆஃப் பண்ணுங்கடா, என்ர புள்ள கோல் போட்டுருக்குது" என்றது போன். அடுத்த போனிலும் ஒருவர் கத்தினார், மேல்படிப் போனிலும். மைதானத்தில் இல்லாத ஆண்களெல்லாம் கேலரியில் கூச்சலிட்டார்கள். ஒரு படத்தில்கூட அந்த வட்டம் சுற்றவில்லை. பிரவீனா படியோரம் நின்று, ஆட்டத்தைப் பார்க்காமல் அந்தப் போன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோப்பை நமக்குத்தான். சந்திரசேகர் மைக்கைப் பிடித்தார்: "அடுத்த வருசமும் வைஃபையைப் பிரவீனாவே பாத்துக்குவாங்க."

5

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அவர் மேடையிலிருந்து இறங்கி, பிரவீனாவிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவளும் ஏதோ சொன்னாள். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. ரிக்குக்காரர்களின் கூச்சலில் எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. இப்படி எனக்கு நடந்ததே இல்லை.

முடிவு அ: அவர் வருத்தம் தெரிவித்தார். (அவரைத் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள்.)

முடிவு ஆ: "கெழங்கு யோசனை கமிட்டியோடதுன்னு சொல்லிக்கலாமா?" என்று கேட்டார். (நம்புவார்கள்.)

அவள் பதில்? பிரவீனாவையே கேட்டேன். "ஒண்ணுமில்லீங்கக்கா" என்று சிரிப்பை விழுங்கினாள்.

ஆகவே அந்த ஒரு வசனத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். எதை வேண்டுமானாலும் சொல்ல வையுங்கள். அவள் குரலை மட்டும் தாழ்த்த விடாதீர்கள்; எனக்கும் கேட்க வேண்டும்.